அத்தானின் தொட்டிகள்

என் அக்கா வீட்டுக்காரர் கை வைத்த எதுவும் விளங்கியதில்லை. கடை போட்டார், படுத்துவிட்டது. லாரி ஓட்டினார், லாரியே கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலேயே அவரைச் சேர்த்துவிட்டேன்.

அறுவடைக்குப் பிறகு வயலில் வீணாகக் கிடக்கும் சோளத்தட்டையை நாங்கள் வாங்குகிறோம். அதை அரைத்து, வேகவைத்து, சர்க்கரைத் தண்ணீராக்கி, பாக்டீரியாவை விட்டுப் புளிக்கவைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். பாக்டீரியாவைச் சோதனை அறையில் வளர்த்துக் குடுவையில் கொடுப்பது நான். அதைத் தொட்டியில் ஊற்றி, அமிலம் ஏற ஏறச் சுண்ணாம்பு சேர்த்து, மூன்று நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது அத்தான். அதிசயமாக இந்த வேலை அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்து வாரமாக அவருடைய தொட்டிகளில் அமிலத்தின் அளவு ஏறிக்கொண்டே போனது. மேனேஜர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அக்கா போனில் சிரித்துப் பேசினாள். அவள் சிரித்து எத்தனை வருஷமாயிற்று!

"என்ன டாக்டரம்மா, இப்ப என்ன சொல்றே?" என்று என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கிண்டலடிப்பார் அத்தான். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த குடுவையை நீட்டுவேன்.

இன்று காலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் சோதனை. லாக்டிக் அமிலத்தில் இரண்டு வகை உண்டு. இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல, பார்க்க ஒரே மாதிரி, மாற்றிப் போட முடியாது. மக்கிப்போகும் பிளாஸ்டிக் செய்யும் ஒரு கம்பெனிதான் எங்களுக்கு இருக்கும் ஒரே வாடிக்கையாளர். அவர்களுக்கு ஒரே வகைதான் வேண்டும். என் பாக்டீரியா அதை மட்டும்தான் தரும். ஆனால் சோதித்த தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மற்ற வகை. மூன்று தடவை பார்த்தேன், மாறவில்லை. வேறு ஏதோ பாக்டீரியா உள்ளே புகுந்து, எங்களுடையதைவிட நன்றாகத் தின்று கொழுத்திருந்தது. அளவு ஏறியது அதனால்தான்.

மேனேஜரிடம் சோதனைத் தாளை நீட்டும்போதே அத்தானைக் காப்பாற்ற ஒரு பொய்யையும் தயாராக வைத்திருந்தேன்.

"தட்டை மழையில நனைஞ்சு வந்துச்சு சார். அதுல இருந்து தொத்தியிருக்கும்."

"எத்தனை தொட்டி?"

"பார்த்தது ஒண்ணுதான் சார்."

"ஒண்ணோட போச்சுன்னா கொட்டிட்டு நீராவி விட்டுக் கழுவிடலாம். கெட்ட சரக்கு ஒரு லோடு அங்க போனாலும் நம்ம கேட்டை இழுத்துச் சாத்த வேண்டியதுதான், தெரியும்ல?" என்று எழுந்தார். "உங்க அத்தானையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

நான் பின்னாலேயே ஓடினேன். புருவத்தில் சுண்ணாம்போடு அத்தான் ஏணியிலிருந்து இறங்கினார்.

"இந்த அஞ்சு வாரத்துல புதுசா என்ன செஞ்சீங்க?" என்று மேனேஜர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அத்தான் என்னைப் பார்த்தால்தானே? பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா சார்? இவ்வளவு பெரிய தொட்டிக்கு இவ குடுக்கிற குடுவை எந்த மூலைக்கு? நல்லா வந்த தொட்டியில ஒரு வாளி எடுத்து வச்சுப்பேன். அடுத்த தடவை அதையும் சேர்த்து ஊத்திடுவேன். வீட்டுல பாலுக்கு உறை ஊத்துறோம்ல, அதே மாதிரி. இவ அக்கா குடுத்த யோசனைதான்."

"வாளியை மூடி வைப்பீங்களா?"

"அதுங்களும் மூச்சு விட வேணாமா? ஜன்னலோரமா திறந்துதான் வச்சிருக்கேன்."

"எந்தத் தொட்டிக்கு ஊத்தினீங்க?"

"இருக்கிற ஆறுக்கும்தான் சார்! ஓரவஞ்சனை பண்ணலாமா?"

ஐந்து வாரத்தில் நான்கு டேங்கர் அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தது. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அத்தான் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

"என்ன, பேசாமப் போறாரு?" என்றார் அத்தான். "ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டு வரப் போறாரோ?"

"ஆமா அத்தான்" என்றேன்.

அவர் குழாயடிக்குப் போய் முகத்திலிருந்த சுண்ணாம்பைக் கழுவ ஆரம்பித்தார்.