ஒருவருக்கு மட்டும் மூழ்கிய கப்பல்

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன இடர்கள் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறார்கள். பயணக் காப்பீடு எடுப்பவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த இடர் அவருக்கு நேரும், பிறகு அதற்கு இழப்பீடும் கிடைக்கும். முன்னதாக வருபவர்களுக்குக் கால் சுளுக்கு, செருப்பு மாறிப்போதல், லேசான வயிற்றுப்போக்கு போன்ற நல்ல இடர்கள் அமையும். புறப்படும் நாளன்று வருபவர்கள் மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மரகதவல்லி புறப்படும் நாளன்றுதான் வந்தாள். கூடவே அவளுடைய நாத்தனார் சுகந்தாவும் வந்தாள்.

நகைக்கடைக் குலுக்கலில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு பயணச் சீட்டுகள் விழுந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. காப்பீடு எடுக்கச் சொல்லிக் கப்பல்காரர்களும் விடாமல் தொலைபேசியில் நினைவூட்டினார்கள். ஆனால் அதற்கு இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். அங்கேதான் சிக்கல். சுகந்தாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மரகதவல்லி மருமகளாக வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் பேச்சு முழுக்க மரகதவல்லியின் கணவர் தாமோதரன் வழியாகவே நடந்தது. “ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லுங்க” என்பாள் ஒருத்தி. “அப்பளம் தொட்டுக்கச் சொல்லு அண்ணா” என்பாள் மற்றவள். தாமோதரன் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் இறந்த பிறகு இருவரும் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துப் பேசினார்கள். அது போதுமானதாக இருந்தது, வெளியூர் விஷயங்களைத் தவிர.

துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த காப்பீட்டு அறையில் ஆல்பர்ட் என்பவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஓர் இரும்பு பீரோ திறந்து கிடந்தது. தட்டுகள் எல்லாம் காலி.

“ரெண்டுதாம்மா மிச்சம்,” என்றார் ஆல்பர்ட். “காலையில ஈரோட்டுலேருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தாங்க. மோதிரம் கடல்ல விழுறதை அவங்க எடுத்துட்டாங்க. அதுதான் கடைசியா இருந்த சின்னது.”

“மிச்சம் என்ன இருக்குன்னு கேளுங்க,” என்றாள் சுகந்தா, ஆல்பர்ட்டிடமே.

“ஒண்ணு, கப்பல் மூழ்கறது. இன்னொண்ணு, கூட வந்தவங்களை மறந்துபோறது.”

மரகதவல்லி பீரோவைப் பார்த்துக் கேட்டாள். “கப்பல் மூழ்கினா எல்லாரும்தானே மூழ்கணும்?”

“எல்லாரும் எதுக்கு? யார் எடுத்தாங்களோ அவங்களுக்கு மட்டும் மூழ்கும். மத்தவங்க டிக்கெட் வாங்கியிருக்காங்களே.”

காப்பீடு இல்லாமலே ஏறிவிடலாமா என்று சுகந்தா கேட்டாள். ஆல்பர்ட் ஜன்னல் வழியாகக் கப்பலைக் காட்டினார். அதில் ஏறும் படிகளுக்குப் பக்கத்தில் வேறொரு படிக்கட்டு வானத்தை நோக்கி நீண்டு போனது. போன வருடம் ஒருவர் காப்பீடு எடுக்காமல் ஏறப் பார்த்தார். அவர் ஏற ஏறப் படிகள் நீண்டுகொண்டே போயின. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார். வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள்.

“மூழ்கறதை என் பேருக்குப் போடுங்க,” என்றாள் மரகதவல்லி. “அவளுக்குத் தலை நனைஞ்சா மூச்சிழுப்பு வந்துடும்.”

ஆல்பர்ட் சுகந்தாவைப் பார்த்தார். சுகந்தா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். “சரின்னு சொல்லுங்க,” என்றாள்.

“சரியாம்,” என்றார் ஆல்பர்ட்.

படியேறும்போதுதான் மரகதவல்லிக்கு உறைத்தது. மறப்பது சுகந்தாவாக இருந்தாலும், மறக்கப்படப்போவது தான்தான். திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் சுகந்தா நனைய வேண்டியிருக்கும். ஆகையால் அவள் தொடர்ந்து ஏறினாள்.

கப்பல் இலங்கைப் பக்கமாகப் போனது. முதல் நாள் யாருக்கும் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. மேல்தளத்தில் ஒரு வங்கி மேலாளர் பிறருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக உலாவினார். சுகந்தா ஜன்னலிடம், “காத்து நல்லா இருக்கு” என்றாள். “தலையில துணி கட்டிக்கிட்டா நல்லது” என்று மரகதவல்லி அதே ஜன்னலிடம் சொன்னாள்.

மறுநாள் காலை மரகதவல்லி குளித்துவிட்டு வெளியே வந்தபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்த சுகந்தா சட்டென்று எழுந்து நின்றாள்.

“வாங்க, வாங்க. நீங்களும் இந்த ரூம்தானா? எனக்குத் தனி ரூம்னு நினைச்சுட்டேன். உக்காருங்க. என் பேரு சுகந்தா.”

மரகதவல்லி ஈரத் துண்டோடு நின்றாள். சுகந்தா அவள் கண்ணைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தக் கண்கள் தாமோதரனுடைய கண்களைப் போலவே லேசான பழுப்பு நிறம் என்பதை அன்றுதான் கவனித்தாள்.

“என் பேரு மரகதவல்லி,” என்றாள்.

“நல்ல பேரு. எந்த ஊரு?”

“மெட்ராஸ்தான். ராயபுரம்.”

“அட, நானும் ராயபுரம்தான். எந்தத் தெரு?”

மரகதவல்லி பக்கத்துத் தெருவின் பெயரைச் சொன்னாள்.

சுகந்தா நன்றாகப் பேசக்கூடியவளாக இருந்தாள். காலைச் சிற்றுண்டி முடிவதற்குள், சிறுவயதில் தான் சைக்கிள் பழகியதையும், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தபோது நிகழ்ந்த வேடிக்கைகளையும் சொல்லிவிட்டாள். மரகதவல்லி இரண்டு இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு பேச்சும் இத்தனை காலம் வீட்டில் எந்த மூலையில் இருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

“வீட்ல யார் யார் இருக்கீங்க?” என்று கேட்டாள்.

சுகந்தா இட்லியைப் பிட்டபடி யோசித்தாள். “அண்ணன் இருந்தாரு, போய்ட்டாரு. இப்ப நான் மட்டும்தான். ஆனா பாருங்க, காலையில எழுந்தா மேசை மேல காபி இருக்கும். நான் போட்டிருக்க மாட்டேன். எனக்கு அடிக்கடி இழுப்பு வரும். வந்தா யாரோ முதுகைத் தேய்ச்சு விடுவாங்க. அந்தக் கை நல்லா ஞாபகம் இருக்கு. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், வெங்காய வாசனை வரும். ஆள்தான் ஞாபகத்துல இல்ல.”

மரகதவல்லி தன் கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள்.

“அந்தக் கைக்காரங்ககிட்ட என்னைக்காவது பேசியிருக்கீங்களா?”

“ஆளே இல்லையேங்க, யார்கிட்டப் பேசறது? ஆனா ஒண்ணு. வீட்ல ஏதோ ஒருத்தர் இருக்கற தைரியத்துலதான் நான் தூங்கறேன்னு தோணும்.”

கப்பல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூழ்கத் தொடங்கியது. மரகதவல்லி மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது கணுக்காலில் தண்ணீர் ஏறியது. புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டாள். சுற்றிலும் மற்றவர்கள் உலர்ந்த தரையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். ஈரோட்டுத் தம்பதியின் மோதிரம் அப்போதுதான் விழுந்திருந்தது. எல்லோரும் அவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் மரகதவல்லியிடம் வந்து குனிந்தார்.

“உங்களுக்குத்தானேம்மா மூழ்கறது? பாயசம் சாப்பிட்டுட்டே போகலாம். மெதுவாத்தான் ஏறும்.”

“என்னாச்சு?” என்றாள் சுகந்தா.

“எனக்குக் கப்பல் மூழ்குது.”

“தனியா வந்திருக்கீங்களே,” என்று சுகந்தா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். “வாங்க, மேல போயிடுவோம்.”

இருவரும் படியேறினார்கள். ஒவ்வொரு தளத்திலும் சிறிது நின்றார்கள், தண்ணீர் வந்ததும் அடுத்த தளத்துக்குப் போனார்கள். நடனக் கூடத்தில் மரகதவல்லிக்கு இடுப்பளவு தண்ணீர். அதே கூடத்தில் வங்கி மேலாளர் நனையாமல் ஆடிக்கொண்டிருந்தார். நீச்சல் குளத்தின் அருகே வந்தபோது குளத்தையும் சேர்த்துக் கடல் மூடிவிட்டது. கடைசியில் மொட்டைத் தளம். அதற்கு மேல் படி இல்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மரகதவல்லிக்கு நீச்சல் தெரியாது. அதுவரை அவள் பயப்படவில்லை. இப்போது பயந்தாள்.

“கையைப் பிடிச்சுக்கோங்க,” என்றாள் சுகந்தா. அவளுக்குத் தண்ணீர் தெரியவில்லை. மரகதவல்லியின் முகம் மட்டும் தெரிந்தது.

“உங்களுக்கு இழுப்பு வருமே. ஈரம் ஒட்டிக்கும்.”

“வந்தா வரட்டும். உங்க முகத்தைப் பார்த்துட்டு எப்படிங்க விடுறது?”

மரகதவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தலைக்கு மேலே போனது. பிறகு கப்பல் அமைதியாகக் கீழே இறங்கி, மணலில் உட்கார்ந்தது.

மீதிப் பயணத்தில் மரகதவல்லி கடலடியில் இருந்தாள். சுகந்தா பக்கத்திலேயே சாய்வு நாற்காலியில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். மூச்சைப் பற்றி மரகதவல்லியிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நெத்திலிகள் கூட்டமாக வந்து புகைபோக்கியைச் சுற்றிவிட்டுப் போயின. திருக்கை ஒன்று சுகந்தாவின் மடி வழியாக நீந்திப் போனது. சுகந்தா மடியில் விழுந்த முறுக்குத் துகளைத் தட்டிவிட்டாள். அவள் பேசுவதெல்லாம் மரகதவல்லிக்குக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. பதில் சொன்னால் குமிழிகள்தான் வந்தன. சுகந்தா அவற்றைப் பார்த்து, “ஆமாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்பாள். பெரும்பாலும் அவள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் ஆனால் ஒரு துண்டை எடுத்து மரகதவல்லியின் தலையைத் துவட்டிவிடுவாள். துவட்டத் துவட்டத் தலை நனையும். இருந்தாலும் ஒரு நாளும் அவள் விடவில்லை. மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டுவாள். அந்த இடத்தில் அழுதாலும் யாருக்கும் தெரியாது என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

சென்னைத் துறைமுகத்துக்கு வந்ததும் தண்ணீர் வடிந்தது. இறங்கும் இடத்தில் இழப்பீட்டுக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே சாய்ரா என்ற இளம் அதிகாரி இருந்தாள்.

“மூழ்கினது உங்களுக்கா? உங்களுக்கு ஒரு கப்பல் வரும்மா. எங்க அனுப்பட்டும்?”

“எங்க வீட்ல வைக்க இடமில்லம்மா,” என்றாள் மரகதவல்லி. “வேண்டாம்.”

சாய்ரா தலையசைத்துவிட்டுச் சுகந்தாவிடம் திரும்பினாள். “நீங்க மறதி. கூட வந்தவங்க உங்களுக்கு என்ன உறவு?”

“மறந்துட்டேனே.”

சாய்ரா பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாள். “அண்ணி.”

“எனக்கு அண்ணி இருந்தாங்களா?” சுகந்தாவின் குரல் சற்று இறங்கியது. “திரும்ப ஞாபகம் வருமா?”

“வராதுங்க. மறந்தது மறந்ததுதான். அதுக்குப் பதிலா கம்பெனியே ஓர் அண்ணி குடுத்துடும். அதே வயசு, கிட்டத்தட்ட அதே குணம். ஆனா கொஞ்ச நாள் ஆகும். கோயம்புத்தூர்லேருந்து வரணும்.”

சுகந்தா மரகதவல்லியின் பக்கம் திரும்பினாள். பிறகு, “இவங்களைக் குடுக்க முடியுமா?” என்றாள். “நான் இவங்களோட பழகிட்டேன்.”

சாய்ரா மரகதவல்லியைப் பார்த்தாள். “நீங்க ஏற்கெனவே யாருக்காவது அண்ணியா இருக்கீங்களா?”

“இருந்தேன்.”

“இப்ப?”

“இப்ப காலியாத்தான் இருக்கேன்.”

“உங்களுக்குச் சம்மதமா?”

மரகதவல்லியின் முந்தானையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மேசையைப் பார்க்கவில்லை. சுகந்தாவையே பார்த்துச் சொன்னாள். “சம்மதம்.”

“அப்ப இங்கேருந்தே கூட்டிட்டுப் போயிடுங்க,” என்றாள் சாய்ரா.

சுகந்தா பெரிய பெட்டியைத் தான் எடுத்துக்கொண்டாள். “வாங்க அண்ணி,” என்றாள். “முதல்ல ஈரப் புடவையை மாத்தணும். வீடு பக்கத்துலதான்.”

துறைமுக வாசலில் ஒரு காவலர் அவர்களை நிறுத்தினார். வாசலுக்கு வெளியே சாலை சிறிது தூரம் போய் நின்றுவிட்டிருந்தது. அதற்கு அப்பால் கட்டடங்கள் எதுவும் இல்லை. செம்மண் தரை அடிவானம் வரைக்கும் கிடந்தது.

“ஊரே வெளியூர் போயிருக்கும்மா,” என்றார் காவலர். “வெள்ளிக்கிழமை கிளம்பிச்சு. ஏதோ கல்யாணமாம். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.”

“ராயபுரமும் போயிருக்கா?” என்று கேட்டாள் சுகந்தா.

“எல்லாம் ஒண்ணாத்தாம்மா போச்சு.”

நிழல் என்று சுற்றுச்சுவர் ஓரமாகக் கொஞ்சம் இருந்தது. இருவரும் பெட்டிகளை அங்கே கொண்டுபோய் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தார்கள். செம்மண்ணின் நடுவே ஒரு பசுமாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை அழைத்துப்போகவில்லை போலிருக்கிறது.