நாலு அறை

“நாலு தடவ அறையச் சொல்லிச் செவப்புப் பேனையில எழுதிக் குடுத்தது நீங்கதானே? இப்ப இல்லேங்கிறீங்களா டீச்சர்?”

“ஐயோ, நான் ஏன் பிள்ளைக்கு அடிக்கச் சொல்லப்போறன்? என்ன கதைக்கிறீங்கள் நீங்கள்?”

“கதைக்க வரலிங்க, காட்ட வந்தேன். இந்தா பாருங்க கொப்பிய!”

பாக்கியலெட்சுமி அன்று காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகவில்லை. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் மதுஷா. நாலாம் வகுப்பு. இடது கன்னம் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. எதிரே யாழ்ப்பாணத்துக் கேசினி டீச்சர், கையில் வெண்கட்டியோடு.

நான் அங்கே என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். குழாயடிக்குப் போகிற பாதை பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான். என் கையில் குடமும் இருந்தது. ஆகவே யாரும் குறை சொல்ல முடியாது.

விசயம் இதுதான். கேசினி டீச்சர் நாலு வருடமாக நாலாம் வகுப்புக்கு ‘எனது வீடு’ என்று ஒரே கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறாள். ‘எனது வீடு அழகானது. அதில் நான்கு அறைகள் உள்ளன. முற்றத்தில் பூந்தோட்டம் உண்டு. எனது தந்தை வங்கியில் கடமையாற்றுகிறார்.’ பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். எழுத்துப் பிழை இல்லாவிட்டால் பத்துக்கு ஒன்பது புள்ளி. எங்கள் தோட்டத்து ஆண்களில் வங்கியில் வேலை பார்ப்பவர் ஒரே ஒருவர். அவரும் வாசலில் நிற்கிற காவற்காரர். ஆனால் கொப்பிகளைத் திறந்தால் இருபத்தாறு அப்பாமாரும் வங்கியில்தான் இருப்பார்கள்.

இருபத்தேழாவது கொப்பி மதுஷாவுடையது. அவள் பலகையைப் பார்க்காமல், தான் இருக்கிற வீட்டையே எழுதிவிட்டாள். ‘எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. எங்கள் காம்பரா ஒன்பதாவது’ என்று போயிருக்கிறது. டீச்சர் ‘காம்பரா’ என்று வந்த நாலு இடத்திலும் கோடு போட்டு, ஓரத்தில் ‘அறை’ என்று சிவப்பில் திருத்தி, மூன்று புள்ளி போட்டு, ‘பெற்றோர் இத்திருத்தத்தைக் கவனிக்கவும்’ என்று கீழே எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டாள்.

இந்த லயத்து வரிசை வீடுகளில் காம்பராவைக் காம்பரா என்றுதான் சொல்வோம். அறை என்றால் கன்னத்தில் விழுவது. டீச்சர் எழுதினால் அது ஓடர், மீற முடியாது. பாக்கியலெட்சுமி முந்தின நாள் பொழுது சாயும்போது நாலையும் எண்ணிக் கொடுத்தாள். விடிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆத்திரம் டீச்சர் மேல் திரும்பியது.

சத்தம் கேட்டுப் பள்ளிக்கூட அதிபர் முருகையா சேர் வந்தார். கொப்பியை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“அட பாக்கியம்! அறைன்னா ரூமு! நம்ம காம்பராவத்தான் டீச்சர் நல்ல தமிழ்ல எழுதியிருக்காங்க. நீ புள்ளையப் போட்டு அடிச்சுட்டியா?”

“ரூமுங்களா?” பாக்கியலெட்சுமி வாயைப் பொத்தினாள். பிறகு அவளும் சிரித்தாள். டீச்சரும் சிரித்தாள். டீச்சர் தன்னை அவமானப்படுத்தவில்லை என்று தெரிந்ததில் பாக்கியலெட்சுமிக்கு அவ்வளவு ஆறுதல். வீங்கின கன்னத்தைச் சுற்றி நின்று மூன்று பெரியவர்கள் பல்லைக் காட்டியதைப் பார்க்கச் சகிக்காமல் நான் குடத்தை மறு கைக்கு மாற்றினேன்.

மதுஷா மட்டும் சிரிக்கவில்லை. “டீச்சர், நான் எழுதினத வாசிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“வாசிச்சனான் பிள்ளை. வடிவா எழுதியிருக்கிறாய்.”

“அப்ப எதுக்கு மூணு?”

டீச்சர் அதிபரைப் பார்த்தாள். “போர்ட்டில இருக்கிற மாதிரி இல்லையெண்டால் நான் எப்பிடிப் புள்ளி போடுறது?” என்றாள்.

அப்போதுதான் அதிபருக்கு உறைத்தது. மறுநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆரம்பப் பிரிவின் எழுத்து வேலையை மதிப்பிட ஓர் ஐயா வருகிறார். எல்லாக் கொப்பியும் பார்ப்பாராம்.

“இது என்னா டீச்சர் இது? லயம், காம்பரான்னு! வாறவரு நம்மளப் பத்தி என்னா நெனப்பாரு?”

சரக்கென்று அந்தத் தாளைக் கிழித்தார். மதுஷா கையை நீட்டினாள். அவர் அதைக் கசக்கி வாய்க்காலில் எறிந்தார்.

“போய் பலகையப் பாத்து எழுது. ஒம்பது போட்டுருவாங்க.”

“எங்கப்பா பேங்க்ல இல்லியே சேர். கொழும்புல சாப்பாட்டுக் கடையில...”

“கட்டுரையில பேங்க்லதாம்மா இருக்காரு.”

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து மகளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள், “சேர் சொல்றாருல்ல, எழுதுடி! ஒம்பது கெடைக்குதாம்ல” என்று முதுகில் தள்ளிவிட்டாள். பிள்ளை உள்ளே போனாள். எழுதினாள். அதில் ஒரு பிழைகூட இல்லை.

மறுநாள் வந்த ஐயாவும் இருபத்தேழு கொப்பியைப் புரட்டினார். “அச்சடிச்ச மாதிரி இருக்கு!” என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். இருபத்தேழு வீட்டிலும் நான்கு அறைகள், இருபத்தேழு முற்றத்திலும் பூந்தோட்டம். அந்த மனுசனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கோழிப் புரியாணியும் வட்டிலப்பமும் தின்றுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

இனி நான் ஒன்று சொல்லவேண்டும். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பாக்கியலெட்சுமிக்குச் சரளமாக வாசிக்க வராது. பிள்ளைக்கு அடி விழுந்த அன்று அவள் முதலில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தது பத்தாவது காம்பராவுக்கு, அதாவது என்னிடம். “அக்கா, டீச்சர் என்னமோ எழுதிருக்கு, பாத்துச் சொல்லுங்க” என்றாள். “அறைன்னு நாலு தடவ எழுதியிருக்குடி. பெத்தவங்க திருத்தணுமாம்” என்று வாசித்துச் சொன்னது நான்தான்.

எனக்கு அறை என்றால் என்னவென்று தெரியாதா? பதுளை ஆஸ்பத்திரியில் ‘அறை இல. 6’ என்ற பலகைக்குக் கீழே மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள் நான். தெரியும். ஆனால் சிவப்பை வாசிப்பதற்கு முன்னால் நான் பிள்ளையின் நீல எழுத்தை வாசித்துவிட்டேன். வாய்க்காலில் விழுந்த அந்தத் தாளைக் குடத்தோடு குனிந்து நான்தான் எடுத்தேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறாள்:

‘எங்கள் காம்பராவுக்கும் பத்தாவது காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அம்மாவும் அப்பாவும் போனில் சண்டை பிடித்தால் அந்தப் பக்கத்துப் பெரியம்மா வந்து சுவரில் காதை வைப்பார். வளையல் சத்தம் கேட்கும். அப்போது அம்மா மெதுவாக அழுவாள்.’

ஒன்பது வயது. இதைவிட நன்றாக யார் எழுதுவார்கள்? எனக்கு வந்த கோபத்தில், நாலு அறை குறைவு என்றுகூட நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு என்று விழுந்தபோது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வளையலும் சத்தம் போட்டிருக்கும். அதிபரையும் அந்த ஐயாவையும் நினைத்துக் காறித் துப்பலாம் என்று எச்சிலைக் கூட்டும்போதெல்லாம் அந்த எண்ணிக்கைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

அடுத்த வருடமே கேசினி டீச்சருக்கு இடமாற்றம் கிடைத்தது. வவுனியாவில் கல்யாணம். மாப்பிள்ளை வங்கியில் கடமையாற்றுகிறாராம். முருகையா சேர் ஓய்வு பெற்று அப்புத்தளையில் மகளோடு இருக்கிறார். பாக்கியலெட்சுமி பிள்ளையோடு பதுளை டவுனுக்குப் போய்விட்டாள். ஒருதடவை போனில் மதுஷா கிடைத்தாள். “கட்டுரையெல்லாம் எழுதுறியாடி?” என்று கேட்டேன். “ஆமா பெரியம்மா. போர்ட்ல இருக்கிறத எழுதுறேன். ஒம்பதரை” என்றாள்.

ஒன்பதாவது காம்பராவுக்கு இப்போது ஹாலிஎலையிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருக்கிறது. அஜந்தன் என்று பையன். அவள் பேர் இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் மிகவும் மெதுவாகப் பேசுகிறார்கள். நானும் வளையலைக் கழற்றி வைத்துவிட்டேன்.