ஊரை உள்ளங்கையில் வைத்திருந்தவர்

ஒரு மாநகரத்தை முழுதாக அறிந்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அந்தச் சிலரில் ஒருவர், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அக்காவை அழைத்துக்கொண்டு ஒரே செருப்புக் கடையை மூன்றாவது தடவையாகக் கடந்துகொண்டிருந்தார்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நகர அளவைத் துறையில் வரைபடப் பிரிவின் கண்காணிப்பாளர். பத்தொன்பது வருடமாக இந்த ஊரின் சந்துபொந்து ஒவ்வொன்றின் படத்திலும் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டவர். அந்தச் சந்துகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அக்கா வெளியூர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். மகளுக்கு இங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் விடுவதா, தம்பி வீட்டில் விடுவதா என்று பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார். பிள்ளை இல்லாத தம்பியும் தம்பி மனைவியும் மாடியறைக்கு வெள்ளையடித்து, மேசை விளக்கு ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்கள். தம்பி தினமும் காலையில் அதைப் போட்டு, எரிகிறதா என்று பார்த்து, அணைத்துவிட்டு ஆபீஸ் போவார்.

அக்காவுக்கு இருந்தது ஒரே கவலை. "இவ்வளவு பெரிய ஊர்ல பிள்ளை வழி தவறிட்டா யாருடா போய்க் கூட்டிட்டு வருவா?"

"என் கண்ணைக் கட்டி விட்டாலும் நான் வீடு வந்து சேருவேன்கா."

அக்கா ஊர் திரும்ப மறுநாள் காலையில்தான் ரயில். ஆகவே தம்பி லீவு போட்டுவிட்டு, திட்டம் எதுவும் வேண்டாம், கால் போன போக்கில் போவோம் என்று கிளம்பினார். செல்போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்தார். அதைப் பார்த்து வழி நடப்பது தன் பதவிக்கு இழுக்கு என்றார். வந்த பஸ்ஸில் ஏறி, அக்கா கைகாட்டிய இடத்தில் இறங்கினார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தார் உருகி செருப்பைப் பிடித்து இழுத்தது. நின்றிருந்த லாரிக்கு அடியில் நாய்கள் இடம் பிடித்திருந்தன. இன்னும் இருவருக்கு இடமில்லை. தம்பி யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்காததை மறைக்க விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தார். உயரமான ஒன்றைக் காட்டி, அந்தக் காலத்துக் காவல் கோபுரம் என்றார். தண்ணீர்த் தொட்டி என்று அதிலேயே எழுதியிருந்தது. அக்கா அதைப் படித்துக்கொண்டே நடந்தார். முகம் பார்க்கும் கண்ணாடி விற்கும் தெருவில் இருபது தம்பிகளும் இருபது அக்காக்களும் வழி தெரியாமல் நின்றார்கள்.

இரண்டு மணிக்கு, காரை பெயர்ந்த மஞ்சள் கட்டிடம் ஒன்றின் முன் நின்று தம்பி கையை நீட்டினார். தூண்களைப் பார்த்தாலே தெரிகிறதே, யாரோ ராஜாவின் வேட்டை மாளிகை, இப்போது உள்ளே யாரையும் விடுவதில்லை என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்த காவலாளி சட்டென்று எழுந்து சல்யூட் அடித்தார்.

"என்ன சார், லீவு நாள்லயும் ஆபீஸ் வந்துட்டீங்க? அதுவும் பின்வாசல் வழியா?"

அக்கா சிரித்திருந்தால் தேவலை. அவர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். காவலாளியின் ஸ்டூலில் உட்காரவைத்து, பையிலிருந்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். பாதியைத் தலையில் ஊற்றினார்.

தம்பி தரையைப் பார்த்துச் சொன்னார். "வீட்டிலருந்து பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாப்லருந்து ஆபீஸ். எனக்குத் தெரிஞ்ச ஊர் அவ்வளவுதான்கா. பிள்ளையை விடுதியிலயே விட்டுடு."

"மேசை விளக்கு யாரு வாங்குனது?"

"நான்தான். ஏன்?"

"காலையில நீ அதைப் போட்டுப் போட்டுப் பாத்ததை நானும் பாத்தேன். அவ உன் வீட்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமையானா உன் கையைப் புடிச்சு ஊரைச் சுத்திக் காட்டுவா. நீ தொலைஞ்சு போகாம இருந்தா சரி."

தம்பி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பிறகு அக்கா, அன்றைக்கு யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். காவலாளியிடம் தெருப் பெயரைச் சொல்லி வழி கேட்டார். அவர் ஆபீஸ் மதிலை ஒட்டிய சந்து ஒன்றைக் காட்டினார். சலவைக் கடை ஒன்று, ஒரு திருப்பம், சைக்கிள் நிறுத்துமிடம், அப்புறம் தம்பி வீட்டுத் தெரு.

பின்வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஒன்பது நிமிடம். பத்தொன்பது வருடமாக அவர் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தார்.