துண்டுக்கு அடியில் மூன்று விரல்

ஒரு குடும்பத்து ரகசியத்தின் விலை இருபத்திரண்டாயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. திருப்பதியிலிருந்து வந்த விற்பனைப் பையன் சுதீர், புத்தூரில் கோவர்த்தனன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்படித்தான் விலை சொன்னான்.

"கேமரா கிடையாது சார், மைக்கும் கிடையாது. வீட்ல நடமாட்டம் இருக்குதா, தூக்கம் எப்படி, சுகர் எவ்ளோ, எல்லாம் இந்தப் பெட்டியிலயே இருக்கும். நீங்க எதைச் சொல்லச் சொல்றீங்களோ அது மட்டும் உங்க மக போனுக்குப் போகும்."

"வாயத் தொறக்காம இருக்கறதுக்கா இருபத்திரண்டாயிரம்? எங்க மண்டியில அதுக்கு ஒரு துண்டு போதும்."

பணம் கொடுப்பது திருப்பதியில் வங்கி வேலை பார்க்கும் மகள் யாமினி. ஆனாலும் பேரம் பேசாமல் ஒரு பொருளை வீட்டுக்குள் விட்டால் கோவர்த்தனனுக்குச் சோறு இறங்காது. பத்தொன்பதுக்கு முடித்தார்.

அவர் மாங்காய் மண்டித் தரகர். அங்கே விற்பவன் கையும் வாங்குபவன் கையும் துண்டுக்கு அடியில் சந்திக்கும். பிடிக்கிற விரல்களின் எண்ணிக்கைதான் விலை. சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கையில்தான் உகாதியிலிருந்து கோளாறு. விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. மண்டிக்குத் தெரிந்தால் பிழைப்பு போச்சு. மகளுக்குத் தெரிந்தால் புத்தூரே போச்சு. அப்புறம் திருப்பதியில் அவளுடைய அபார்ட்மெண்டின் நாலாவது மாடியில்தான் வாசம். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சுகர் மிஷினைக் காட்டுவதற்காக சுதீர் அவர் விரலில் ஊசி குத்தினான். கோவர்த்தனன் கண் கூடச் சிமிட்டவில்லை.

"தைரியம்தான் சார் உங்களுக்கு."

அந்தப் பாராட்டை அவர் மறுக்கவில்லை.

மகளுக்கு எதையெல்லாம் சொல்லலாம் என்று சுதீர் ஒவ்வொன்றாகக் கேட்டான். சுகரா? வேண்டாம். தூக்கமா? அது அவருடைய சொந்த விஷயம். பையன் முகம் வாடியதைப் பார்த்து, கடைசியில் கொசுறு போல ஒன்றைக் கொடுத்தார். காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை அடுக்களையில் ஆள் நடமாட்டமே இல்லாவிட்டால் யாமினிக்குச் சொல்லலாம்.

மறுவாரம் மனைவி தாட்சாயணி கார்வேட்டிநகரத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போனாள். விடியற்காலை ஐந்து மணிக்கே கோவர்த்தனன் அடுக்களையில் சூடான காப்பி டம்ளரைப் பிடித்து, விரலுக்குச் சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்த பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டியது. கேமரா இல்லை என்று சுதீர் சத்தியம் செய்திருந்தான். விலையைக் குறைத்தவன் சத்தியத்தை எப்படி நம்புவது? தோளிலிருந்த துண்டை எடுத்துப் பெட்டியை மூடினார்; குளித்து, அடுக்களையிலேயே சாப்பிட்டு, ஏழு மணிக்கு நிம்மதியாக மண்டிக்குப் போனார்.

துண்டுக்கு அடியில் கிடந்த பெட்டிக்கு உலகத்தில் ஒரு அசைவும் இல்லை. மதியம் யாமினிக்குச் செய்தி போனது. அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள். மண்டியில் கை துண்டுக்குள் இருக்கும்போது கோவர்த்தனன் போனை எடுப்பதில்லை. வடமாலபேட்டை தாண்டும் வரை குறுக்கே வந்த லாரிகளையெல்லாம் திட்டிக்கொண்டே அவள் காரில் வந்து சேர்ந்தபோது, அவர் வீடு திரும்பி, தயிர்சோறும் பங்கனப்பள்ளி மாம்பழமுமாக உட்கார்ந்திருந்தார்.

"போன் எடுக்க மாட்டியா நைனா? வழியெல்லாம் அழுதுக்கினு வந்தேன்."

"எனக்கென்னா, துன்னுக்கினுதான் இருக்கேன். நீயும் உக்காரு."

அவள் பார்வை அலமாரிக்குப் போனது. "அதுக்கு எதுக்குத் துண்டு?"

"குளிருமேன்னு போட்டேன்."

"மே மாசத்துலயா? எதை மறைக்கற?"

"அது வியாபாரம்" என்று சொல்லி அவர் எடுத்த மாம்பழக் கீற்று விரல்களிலிருந்து நழுவித் தட்டில் விழுந்ததை அவள் பார்த்தாள்.

"அப்ப வியாபாரமே பேசலாம். கையக் கழுவிக்கினு வா."

சின்ன வயதில் மண்டிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து விரல் கணக்குக் கற்றவள் அவள். அவர் வந்ததும் துண்டை விரித்துக் கையை நீட்டினாள். நீட்டிய கையை மறுக்க எந்தத் தரகனாலும் முடியாது. அவள் பிடித்தாள்.

"எவ்ளோ?"

"ரெண்டு."

இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இப்ப?"

"ரெண்டுதான். நீ ஏறவும் மாட்டேன்ற, இறங்கவும் மாட்டேன்ற."

யாமினி துண்டை எடுத்தாள். அவள் கைக்குள் அவருடைய மூன்று விரல்கள் இருந்தன. வேறு யாருடையதோ போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் கோவர்த்தனன்.

"எப்பத்திலேர்ந்து?"

"உகாதியிலேர்ந்து."

"மண்டியில எப்படி சமாளிக்கற?"

"மூஞ்சப் பாத்துதான். உன் மூஞ்சிதான் தெரியல. பேங்க்ல சேந்ததுலேர்ந்து அதுல ஒண்ணும் தெரியறதில்ல."

அவள் சிரிக்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி துண்டைப் போர்த்தினாள். விரலை விடவில்லை.

"மண்டிக்குத் தெரியக் கூடாது" என்றார்.

"தெரியாது."

"நாலாவது மாடி வேணாம்."

"திங்கக்கெழமை என்கூட டாக்டர்கிட்ட வரணும். சுகர் என் போனுக்கு வரணும். அப்ப இங்கயே இரு."

"உங்கம்மாகிட்ட?"

"நீயேதான் சொல்லணும்."

"அந்த விலை ஜாஸ்தி."

"கட்டுப்படியாகலன்னா நாலாவது மாடி காலியாத்தான் இருக்குது."

கோவர்த்தனன் போனை எடுத்து, சுகருக்குத் தன் கையாலேயே அனுமதி கொடுத்தார். யாமினியின் போன் ஒலித்தது. காலை அளவைப் பார்த்தாள், அவர் தட்டைப் பார்த்தாள். மிச்சமிருந்த மாம்பழத்தைத் தன் பக்கம் இழுத்துத் தின்னத் தொடங்கினாள்.

ஆக, யாமினி பிடித்தது மூன்று, கோவர்த்தனனுக்குத் தெரிந்தது இரண்டு. பாக்கி ஒரு விரல், திங்கட்கிழமை தவணை.