ஒர்லா பாடுவதற்கு முன் இருபத்திரண்டு நிமிடம்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஏச்சிலிருந்து கிடைத்தது. உள்துறைமுக வீதியில் ஒரு மண்டப வாசலில், என் மகள் வயதிருக்கும் ஒரு பெண், பத்துப் பேர் பார்த்து நிற்க என்னை ஏசினாள். நான் வீட்டுக்கு வந்து, சாறத்தைக் கட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டு அதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். வெட்கம் கெட்டவன் வேறென்ன செய்வான்?

முதல் தொடக்கம் இது: "துறைமுகத்து நீரில் அந்தி பொன்னாய் உருகிக்கொண்டிருந்த வேளையில், பூரணி..."

(சீ. திருகோணமலை என்றதும் எல்லாரும் முதலில் கடலைத்தான் கொண்டுவந்து வைக்கிறோம். அவள் அன்றைக்குக் கடலைப் பார்க்கவேயில்லை. மணிக்கூட்டைத்தான் பார்த்தாள்.)

2

பூரணி அன்புவழிபுரத்தவள். மருந்துக்கடையில் வேலை. அவளுடைய தம்பி சுகிர்தன் அன்றைக்குத்தான் கட்டாருக்குப் போகிறான், மூன்று வருட ஒப்பந்தம். விமான நிலையத்துக்குப் போகும் வான் ஆறு மணிக்கு மண்டப வாசலுக்கே வரும். அப்பா, சித்தப்பா, பெட்டிகள் எல்லாம் வீட்டிலேயே ஏறிவிடுவதால் அதில் பூரணிக்கு இடமில்லை. வாசலில்தான் பிரிய வேண்டும்.

பாட வந்தவர்கள் அயர்லாந்துக்காரர்: ஒர்லா என்ற அக்காவும் இரண்டு தம்பிமாரும். அவர்கள் ஊரின் பழைய நாட்டுப் பாடல்கள். பூரணியும் சுகிர்தனும் இரண்டு வருடமாகக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே அவற்றைப் போனில் கேட்கிறவர்கள். ஒரு பாட்டில் பல்லவி வரும்போது ஒர்லா கையை நீட்டுவாள், சபை முழுக்கச் சேர்ந்து பாடும். அர்த்தம் இருவருக்கும் அரைகுறைதான். ஆனால் பல்லவி மனப்பாடம். அவள் மேற்குரல், அவன் கீழ்க்குரல்.

"அக்கா, அவையளுக்கு முன்னால நாங்களும் பாடுவம், என்ன?"

"நீ வாயே திறக்க மாட்டாய்."

"பாரன்!"

நிகழ்ச்சி நாலு மணிக்கு. வான் ஆறு மணிக்கு. ஒரு பாட்டுக்கு இதை விட எவ்வளவு நேரம் வேண்டும்?

3

நாலு என்று போட்டால் நாலே முக்கால். அது பூரணிக்கும் தெரியும். விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. பாட வந்த மூவரையும் கதிரையில் இருத்தி, அந்த வெக்கைக்குள் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். சின்னத் தம்பி வயலினை மடியில் வைத்தபடி வியர்த்து வழிந்தான். பிறகு சிறப்புரை. நிகழ்த்தியவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி இராசதுரை, அவர்...

(இல்லை, அடியுங்கள். இராசதுரை என்று ஒருவரும் இல்லை. பேசினது நான். பழியைத் தூக்கி இன்னொருவன் தலையில் போடுவது கதைக்காரனுக்குக் கைவந்த கலை.)

நான் பேசினேன். தலைப்பு, 'கடல்சூழ் தேசங்களின் இசைப் பண்பாடு.' அயர்லாந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது முந்தின நாள் வாசித்த நாலு பக்கம். அந்த மூவரின் ஒரு பாட்டையாவது கேட்டிருப்பேனா? இல்லை. ஆனாலும் பேசினேன்.

பதின்மூன்றாவது நிமிடத்தில் பூரணி ஒரு துண்டு எழுதினாள்: 'தயவுசெய்து பல்லவிப் பாட்டை முதலில் பாடச் சொல்லவும். என் தம்பி ஆறு மணிக்கு வெளிநாடு போகிறான்.' அறிவிப்பாளர் ஸைனுலாப்தீன் அதை வாங்கி, பேச்சு முடிந்ததும் வாசிக்கலாம் என்று ஒலிவாங்கியடியில், என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.*

* எங்கள் ஊர் மேடைகளில் பேச்சாளர் பக்கத்தில் வைக்கப்படும் துண்டுக்கு ஒரேயொரு பொருள்தான்: 'முடியுங்கள்.' எனக்கு அப்படி நூறு வந்திருக்கும். விரித்துப் பார்ப்பதே இல்லை.

அதையும் விரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இன்னும் ஒன்பது நிமிடம் பேசினேன்.

4

ஐந்தரைக்கு ஒர்லா பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு எழும்பினாள். வாத்தியம் இல்லை, வெறுங்குரல். அவள் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில் மூத்த தம்பி கீழேயிருந்து வந்து சேர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், ஒரே சட்டிச் சோறு தின்று வளர்ந்த குரல்கள். பூரணிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அடுத்தது துள்ளல் பாட்டு. வயலின் விரட்ட விரட்ட முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்கும் கால் ஆடியது. சுகிர்தன் தொடையில் தாளம் போட்டுச் சிரித்தான். அம்மாவாணை, அவ்வளவு சந்தோசம் அவனுக்கு.

ஒவ்வொரு பாட்டு முடியவும் பூரணி அவனைக் கிள்ளினாள். "துண்டு குடுத்தனான். அடுத்தது அதுதான்."

அதுவாக இருக்கவில்லை. ஐந்தாவது பாட்டின் நடுவே சுகிர்தனின் போன் அடித்தது.

"வான் வந்திட்டுது அக்கா."

"இன்னும் ஒண்டு. பொறடா!"

"அப்பா கத்துறார். விடக்கா, பரவாயில்லை."

அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

5

வான் போனபின்னும் அவள் வாசலிலேயே நின்றாள். அந்த நேரம் பார்த்து நான் வெளியே வந்தேன். நாக்கில் சனி. "எப்பிடிப் பிள்ளை, பேச்சு நல்லா இருந்ததோ?" என்று நானே கேட்டேன்.

"பாட்டு முடியேல்லையே சேர். எங்க போறீங்கள்?"

"பாலையூற்றில இன்னொரு கூட்டம்."

"அங்கயும் கதைக்கவோ?" குரல் உயர்ந்தது. "பாட்டுக் கேக்க வந்த சனத்தை இருத்தி வைச்சு இருபத்திரண்டு நிமிசம்! நான் மணி பாத்தனான். என்ர தம்பி மூண்டு வருசத்துக்குப் போயிட்டான். ஒரேயொரு பாட்டுச் சேந்து பாட வந்தனாங்கள். துண்டும் எழுதித் தந்தனான்!"

என் கை பைக்குள் போனது. விரித்து, அவளுக்கு முன்னாலேயே வாசித்தேன்.

"அப்ப வாசிக்கவே இல்லையோ?"

"முடிக்கச் சொல்லியாக்கும் எண்டு நினைச்சன், பிள்ளை."

"முடிக்கச் சொன்னா முடிக்க மாட்டீங்களோ?"

துண்டை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

6

முடிவு ஒன்று: மட்கோ சந்தியில் வான் பழுதாகிறது, சுகிர்தன் இறங்கித் திரும்பி ஓடி...

(படம் காட்டுகிறேன்.)

முடிவு இரண்டு: பூரணி தனியே உள்ளே போய், தம்பியின் குரலையும் சேர்த்துத் தானே...

(இதை எழுதும்போது என் கண் கலங்கியது. எனக்குக் கண் கலங்குவதற்காக அவளை உள்ளே அனுப்புவேனா? அவள் போகவில்லை. அந்தப் பாட்டை ஆறே முக்காலுக்குப் பாடினார்களாம்.)

எழுதினதை மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் குரல்பதிவு ஒன்று வந்தது. "சேர், இதிலயும் நீங்கள்தான் கூடக் கதைக்கிறீங்கள். நானும் தம்பியும் பாடுற இடம் எங்க?"

நியாயம். கதை என்னுடையதுதானே, இடம் வைக்கலாம்தானே? என் பேச்சை வெட்டிப் பார்த்தேன். ஐந்தேகாலுக்கு முன்னமே ஒர்லா எழும்புகிறாள். துண்டை ஸைனுலாப்தீன் வாசிக்க, ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கப் பல்லவி வருகிறது. அவள் மேலே, அவன் கீழே, நன்றாகப் பாடுகிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே வானேறுகிறான். அப்படியானால் வாசலில் ஏச்சு இல்லை. ஏச்சு இல்லையென்றால் கதை இல்லை. என் பெயரும் எங்கேயும் இல்லை. அவர்கள் பாட வேண்டுமானால் இதை முதல் வரியிலிருந்து நான் கிழிக்க வேண்டும்.

கிழிக்கத்தான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தாள் இப்போது உங்கள் கையில். என்னால் ஏலாது. கிழித்துப் போடுங்கள், அவர்கள் பாடட்டும்.