மணவறையில் ஒரு மிடறு

மலேசியாவின் பாடாங் செராய் கோயில் மண்டபத்தில், புனிதா மணவறையில் உட்கார்ந்ததுமே அவள் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பெரியம்மா பிடுங்கிக்கொண்டார்.

"தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு எதையும் வாயில வைக்கக் கூடாதுலா."

தொண்டைப் புற்றுநோய்க்கு எடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சையால் புனிதாவுக்கு உமிழ்நீர் வற்றிவிட்டது. அடிக்கடி தண்ணீர் குடிக்காவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓமப் புகையில் அது சீக்கிரமே ஒட்டியது. அவள் சைகையில் கேட்க, பெரியம்மா மனமிரங்கிக் குழாய்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்து நீட்டினார்.

புனிதா தலையாட்டி மறுத்தாள். காய்ந்த வாயில் கிருமி சுலபமாகத் தங்கும். காலையில் தானே கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்தான் அவளுக்கு வேண்டும்.

"அப்ப பொறுத்துக்க. பெரிய மகாராணி!"

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை கதிரேசன் தாலியை எடுத்தான். புனிதா கையை நீட்டித் தடுத்தாள். மேளம் தடுமாறி நின்றது.

"என் தண்ணி" என்றாள் கரகரத்த குரலில். "குடிச்சிட்டுத்தான் தாலி."

"ஐயோ, முகூர்த்தம் போயிடும்டி!"

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு பெரியம்மா" என்று கதிரேசன் தாலியை இறக்கினான். "எனக்கு அவசரமில்ல. போத்தலைக் குடுங்க."

மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, அவள் நிதானமாக மூன்று மிடறு குடித்தாள். மூடியை இறுக்கித் திருகினாள்.

"ம், இப்ப கட்டுங்க" என்றாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.