இன்னொரு சட்டை

"ஒன்பது வருஷமா ஒருத்தன் உள்ள கெடக்கான். உங்களுக்குக் கல்யாணம்தான் பெருசா?"

"எனக்கு என் பொண்ணு பெருசு சார்! கத்தாதீங்க, தெருவே கேக்குது."

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்க்குழாயில் குடம் நிரம்பி வழிந்தும் யாரும் எடுக்கவில்லை.

தையற்கடை வாசலில் கத்தியவர் வக்கீல். செய்யாத குற்றத்துக்கு உள்ளே போனவர்களை வெளியே கொண்டுவருவதே இருபது வருஷமாக அவர் பிழைப்பு. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவர் மனைவியே கேட்பாள். இந்த முறை ஒரு பெயிண்டர். நகைக்கடைக் காவலாளியைக் கொன்றதாக ஆயுள் தண்டனை. ஓடியவனின் முதுகைப் பார்த்த ஒரே சாட்சி இந்தக் கடைத் தையற்காரம்மா. "நான் தைச்ச சட்டை எனக்குத் தெரியாதா? பெயிண்டர்தான்" என்று கோர்ட்டில் அடித்துச் சொன்னவள்.

பெயிண்டர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "ரெண்டு சட்டைக்குத் துணி குடுத்தேன் சார். பத்தலைன்னு ஒண்ணுதான் தந்தாங்க." கொலைக் கேசில் துணிப் பஞ்சாயத்தா என்று முந்தைய வக்கீல்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

தையற்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா, இன்னொரு சட்டையும் தைச்சேன். வழியில போன எவனுக்கோ வித்தேன். மிச்சத் துணியில கை வைக்காத டெய்லர் யாரு சார்? சாட்சி சொன்னப்ப அது ஞாபகமே வரல. வந்தப்ப தீர்ப்பே ஆயிடுச்சு. இப்ப எழுதிக் குடுத்தா, துணி திருடி வீடுன்னு சம்பந்தம் நின்னுடும். நாப்பதே நாள். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் கையெழுத்துப் போடுறேன்."

கறார் பேர்வழி என்று பெயரெடுத்த வக்கீல் அன்று பார்த்து இளகினார். அவருக்கும் பெண் இருக்கிறாளே.

"சரி, நாப்பது நாள்தானே" என்றார்.

முப்பத்தோராம் நாள் பெயிண்டரின் அம்மா இறந்துபோனாள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவன் வந்தான். ஒரு கை விலங்கை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கையால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வக்கீலைப் பார்த்தான்.

"அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா சார்?"

"பேசிக்கிட்டிருக்கேன்பா."

தையற்காரம்மா சொன்ன சொல் தவறவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, கட்டிய பட்டுச் சேலையோடே வந்து கையெழுத்துப் போட்டாள். ஐந்து மாதத்தில் விடுதலை.

அவள் பெண் கடல் தாண்டிக் குடிபோய்விட்டாள். மெஷினை விற்றுவிட்டு அவளும் கூடவே போனாள். பெயிண்டர் வேறு ஊர் போய்விட்டான். கோர்ட் திருப்பிக் கொடுத்த சட்டையை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. வக்கீல் ஆபீஸில், அவருடைய கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்து ஆணியில், சாட்சிப் பொருள் சீட்டோடு அது தொங்குகிறது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.